வெங்காயக் காட்டுக்குள் விட்ட தண்ணீர்

1

அந்தக் காணொளியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறவன் நான்தான். சில மாதங்களுக்கு முன்பு இதே வாக்கியத்தை ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு முன்னால் ஆங்கிலத்தில் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது கனடாவின் சமவெளியில் ஒரு சின்ன ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையும், எண்ணெய்க்காக விதைக்கும் மஞ்சள் பூ கனோலாவும்தான். நடுவில் ஒரு பள்ளி, ஐஸ் ஹாக்கி அரங்கு, தானியக் கிடங்கு, உரக் கிடங்கு. நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவன் இங்கேயும் லாரிப் பட்டறையில்தான் வேலை பார்க்கிறேன். ஊருக்குச் சம்பளத்துக்குத் தீயணைப்புப் படை வைக்கும் அளவுக்கு ஆள் கிடையாது. அதனால் ஊர்க்காரர்களே படை. ரொட்டிக்கடைக்காரர், பள்ளி ஆசிரியை, விவசாயிகள், நான். எங்கள் கேப்டன் மார்லீன் என்கிற அம்மாள் கனோலா விவசாயி. அறுபதை நெருங்குகிறார், குரலுக்கு மட்டும் முப்பது வயது.

என் பெயர் தங்கவேல். சேர்ந்த புதிதில் "தாங்" என்று சுருக்கப் பார்த்தார்கள். அது என் பெயர் இல்லை என்றேன். வேல் என்று கூப்பிடச் சொன்னேன். அவர்கள் வாயில் "வெல்" என்று வந்தது. மார்லீனோ எந்தப் பேச்சையும் "வெல்" என்று ஆரம்பிக்கிறவர். ரேடியோவில் அவர் வாய் திறக்கும்போதெல்லாம் நான் "சொல்லுங்க கேப்டன்" என்று நின்றுகொண்டிருந்தேன். இப்போது பழகிவிட்டது.

சில மாதங்களுக்கு முன்பு நகரத்திலிருந்து கிரெக் என்ற பயிற்சியாளர் வந்தார். நல்ல ஆசிரியர், அதில் குறை சொல்ல மாட்டேன். மஞ்சள் சாய்சதுரம், அதற்குள் ஒரு வட்டம், வட்டத்தின் தலையில் தீ. இந்தப் படம் ஒட்டிய ட்ரம்மையோ மூட்டையையோ கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் எடுத்தார். இந்த வகை ரசாயனம் தானாக எரியாது, பக்கத்தில் இருக்கிற மரம், துணி, வைக்கோல் எல்லாவற்றையும் எரிய வைக்கும். போர்த்தி மூடி அணைக்க முடியாது, ஏனென்றால் தீக்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே கொடுக்கும். தள்ளி நின்று நிறையத் தண்ணீர் விட வேண்டும், கை மீறினால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு விலக வேண்டும்.

பிறகு, "எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு ஒரு வேடிக்கை" என்று ஒரு காணொளியைப் போட்டார்.

சர்க்கஸ் கோமாளிக்கு வாசிக்கிற மாதிரி ஒரு இசை. சாய்ந்து கிடக்கிற லாரி, வெள்ளைப் புகை. லுங்கி கட்டிய ஆண்கள்மேல் ஒருவர் குழாயால் தண்ணீர் அடிக்கிறார். அவர்கள் குளிக்கிற மாதிரி நிற்கிறார்கள். ஒரு டிராக்டர் வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போகிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண் சேலையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியால் வரப்பை வெட்டுகிறார், வாய் ஓயாமல் கத்துகிறார், இசையில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு "டப்" என்று ஏதோ மேலே பறக்கிறது, எல்லோரும் ஓடுகிறார்கள்.

கூடம் சிரித்தது. மார்லீனும் சிரித்தார். பக்கத்திலிருந்த ரொட்டிக்கடைக்காரர் என் முதுகில் தட்டி, "உங்க நாடுதானே?" என்றார். தடித்த கோட்டும் தொப்பியுமாக மட்டுமே என்னைப் பார்த்தவர். அடையாளம் தெரியவில்லை.

கிரெக் விளக்கைப் போட்டு, "எத்தனை தவறு பார்த்தீங்க?" என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. பாவாடை கட்டிக்கொண்டு நனைகிற அந்த ஆள், என்று ஒருவர் ஆரம்பித்தார்.

நான் எழுந்து நின்றேன். "அந்த ஆள் நான்" என்றேன்.

2

நடந்தது இதுதான்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாரியம்மன் திருவிழாவுக்காக, எங்கள் பக்கத்தில் நோம்பி என்போம், குடும்பத்தோடு போயிருந்தோம். நான், மனைவி மேகலா, மகள் யாழினி. வீட்டில் அண்ணன் பொன்னுசாமி, அண்ணி சரசு. ரோட்டை ஒட்டி அவர்கள் காடு. அந்த வருடம் சின்ன வெங்காயம் போட்டிருந்தார்கள். தாள் சாய்ந்துவிட்டது, நோம்பி முடிந்ததும் பிடுங்குவதாக இருந்தது.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் வளைவில் ஒரு லாரி பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. சத்தம் கேட்டு ஓடினோம். டிரைவர் நெற்றியில் சிராய்ப்போடு தானே இறங்கி வந்துவிட்டார். தார்ப்பாய்க்கு அடியில் நீல ட்ரம்கள், அவற்றின்மேல் கழிவுப் பஞ்சு மூட்டைகள். இரண்டும் ஏதோ ஒரு துணி வெளுக்கும் பட்டறைக்குப் போகிற சரக்கு. யாரோ இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

ட்ரம் ஒன்று உடைந்து பள்ளத்தில் ஓடியது. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருந்தது. நிறமில்லை, பெரிதாக வாடையும் இல்லை.

"என்னுங்க இது, ஆசிட்டா?" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர் ராமசாமி.

டிரைவருக்குத் தெரியவில்லை. "துணிக்குப் போடற மருந்துன்னாங்க. ட்ரம்மு என்னன்னு நான் பாக்கலீங்க."

டீசல் கொட்டினால் செய்கிற மாதிரி, வழுக்காமல் இருக்கட்டும் என்று ராமசாமி ஒரு கட்டு வைக்கோலைப் பிரித்து அதன்மேல் போட்டார். நல்ல எண்ணத்தில்தான் போட்டார். நான் அதற்குள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். மஞ்சள் சாய்சதுரம், வட்டம், தலையில் தீ. அதன் கீழே ஹைட்ரஜன் பெராக்சைடு என்று எழுதியிருந்தது. கனடாவில் படையில் சேர்ந்தபோது எடுத்த அடிப்படைப் பயிற்சியில் மனப்பாடம் செய்த படம்.

"வைக்கோலு போடாதீங்க! எடுங்க அத!" என்று கத்தினேன்.

எடுக்க நேரமில்லை. வைக்கோல் நுரைத்தது, ஆவி வந்தது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. கூடியிருந்தவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள், ஒரு அடிதான். டிரைவர் கேபினிலிருந்து தீயணைக்கும் சிலிண்டரை எடுத்து வந்து பவுடரை அடித்துத் தீர்த்தார். தீ அதைச் சட்டை செய்யவில்லை.

என் விரல்நுனிகள் சுருக்கென்றன. பார்த்தால் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெளுத்திருந்தன. தார்ப்பாயிலிருந்து பட்டிருக்கிறது. என் லுங்கியிலும் ராமசாமி லுங்கியிலும் தெறித்திருந்தது. பருத்தியில் இது பட்டால் அந்த நேரம் ஒன்றும் ஆகாது. காயக் காயத்தான் ஆபத்து. உடுத்தியிருக்கும்போதே துணி பற்றிக்கொள்ளலாம்.

"அண்ணா, மோட்டாரப் போடு! குழாய இழுத்துட்டு வா! மொதல்ல எங்க மேல அடி!"

அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் வந்தது. கை விரல்களைக் குழாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு காற்று வருகிற பக்கமாக எல்லோரையும் நகர்த்தினோம். நோம்பிக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்த டேங்கர் டிராக்டர்களைக் கூப்பிட்டோம். தூரத்திலிருந்து தீயின்மேலும் சிந்தியதன்மேலும் அடித்துக்கொண்டே இருந்தோம்.

காற்று போகிற திசையில் அண்ணனின் மாட்டுக் கொட்டகை. பக்கத்திலேயே வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தன. ஒரு பொறி விழுந்தால் போதும். மேகலாதான் அதைக் கவனித்தாள். மாடுகளை அவிழ்த்துவிட்டு, நான்கைந்து பெண்களோடு கட்டுகளை டிராக்டரில் எறிந்து ஏற்றி அந்தப் பக்கம் அனுப்பினாள்.

நாமக்கல்லிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. நிலைய அலுவலர் முருகேசன் என்று சட்டையில் பெயர் இருந்தது. வந்ததும் குழாயை எடுக்கவில்லை. "என்ன லோடு? எத்தன ட்ரம்மு? மேல என்னங்க மூட்டை?" என்றுதான் கேட்டார். நான் சொன்னதும் தொலைநோக்கியில் ட்ரம்களைப் பார்த்தார். இரண்டு ட்ரம்கள் வயிறு உப்பியிருந்தன.

"எல்லாரும் அந்த வீட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் போங்க. ட்ரம்மு உப்புது. இங்கிருந்து ஒரு ஆளு கிட்டப் போகக்கூடாது."

அவரிடம் ரசாயன உடை இல்லை. அது இருக்கிற இடத்திலிருந்து வரச் சொல்லியிருந்தார், வர நேரமாகும். அதுவரை தண்ணீர்தான். ஆனால் அடித்த தண்ணீர் எல்லாம் பள்ளத்தோடு ஏரியை நோக்கி ஓடியது. ஏரி பாதி வற்றிக் கிடந்தது. அதன் கரையில்தான் ஊர் குடிக்கிற கிணறு. ஆடு மாடு எல்லாம் அங்கேதான்.

முருகேசன் இரண்டு பக்கமும் பார்த்தார். "இது யாரு காடு?"

"எங்களுதுங்க" என்றார் அண்ணி.

"அம்மா, தண்ணிய நிறுத்த முடியாது. நிறுத்தினா வெடிக்கும். ஏரிக்குப் போகாம இருக்கணும்னா உங்க காட்டுக்குள்ள திருப்பித்தான் ஆகணும். வெங்காயம் போயிரும். சரிங்களா?"

அண்ணி வெங்காயத்தைப் பார்த்தார். நட்டதும் களை எடுத்ததும் அவர் கைதான்.  அந்தக் காட்டைப் பற்றி அண்ணியை மீறி அண்ணன் பேசுவதில்லை.

"கேக்காம வெட்டியிருந்தீங்கன்னா ஓரியாட்டம் பண்ணியிருப்பன்" என்றார் அண்ணி. "கேட்டுட்டீங்க. நானே வெட்டறன்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு, பள்ளத்தில் ஏரிப் பக்கமாக, ட்ரம்களிலிருந்து நல்ல தூரத்தில், வரப்பை வெட்டினார். வெட்டிக்கொண்டே எல்லோருக்கும் உத்தரவு போட்டார். "அந்தப் பக்கம் மண்ணப் போட்டு அடைங்க! ஏரிக்கு ஒரு சொட்டுப் போகக்கூடாது! வெங்காயக் காட்டுல உடுங்க, உடுங்க!" தண்ணீர் திரும்பியது. தாள்களுக்கிடையில் நுரையோடு பரவியது.

அவர் சுவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு ட்ரம்மின் மூடி "டப்" என்று தெறித்து எங்கேயோ போய் விழுந்தது. நாங்கள் ஓடினோம். ஓடத்தான் வேண்டும். ஒருவர் மேலும் படவில்லை.

மத்தியானத்துக்குமேல் புகை அடங்கியது. உடை போட்ட ஆட்கள் வந்தார்கள். அதன் பிறகும் முருகேசன் பொழுது சாய்கிறவரை தண்ணீரை நிறுத்தவில்லை. பஞ்சு மூட்டையை நம்பக்கூடாதுங்க, உள்ள கனன்னுக்கிட்டே இருக்கும், என்றார்.

3

இதைத்தான் கூடத்தில் சொன்னேன். இவ்வளவு கோர்வையாக வரவில்லை. வரப்பு என்பதற்கு நம் ஊர் ஆங்கிலத்தில் "பண்ட்" என்றேன். ரொட்டிக்கடைக்காரருக்கு அது "பன்" என்று கேட்டது. "அந்தம்மா பன்னை வெட்டினாங்களா?" என்று அப்பாவியாகக் கேட்டார். மறுபடியும் சிரிப்பு.

முன்பென்றால் நானும் கூடச் சேர்ந்து சிரித்து உட்கார்ந்திருப்பேன். பதினைந்து வருடமாக அப்படித்தான் செய்துவருகிறேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. முன்னால் போய், வெள்ளைப் பலகையில் ரோடு, லாரி, பள்ளம், ஏரி, கிணறு, காடு என்று படம் போட்டேன். வரப்பை வெட்டிய இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

"நாங்கள் எல்லாம் சரியாகச் செய்தோம் என்று சொல்லவில்லை. வைக்கோல் போட்டது தப்பு. என் வெறுங்கை தப்பு. ட்ரம் உப்புகிறவரை கிட்டே நின்றது பெரிய தப்பு. அதையெல்லாம் காட்டிச் சிரியுங்கள். நீங்கள் சிரித்தது நாங்கள் சரியாகச் செய்ததைப் பார்த்து. நனைந்துகொண்டு நின்றது சரி. வைக்கோலை அப்புறப்படுத்தியது சரி. அந்தம்மா வரப்பை வெட்டியது சரி. கடைசியில் ஓடினதும் சரி."

கிரெக் முகம் சிவந்திருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "உடை இல்லை, வேல். கூட்டத்தைத் தள்ளி நிறுத்த எல்லைக்கோடு இல்லை. அதை நான் சரியென்று சொல்ல முடியாது."

"சொல்ல வேண்டாம். நம்ம ஊரில் எத்தனை உடை இருக்கு?"

மார்லீன்தான் சொன்னார். "இரண்டு. ஒன்றில் ஜிப் வேலை செய்யாது."

"நகரத்திலிருந்து சிறப்புக் குழு வர?"

"ரோட்டில் பனி இல்லையென்றால் அரை நாள்."

"அந்த அரை நாளில் நாமும் லுங்கி கட்டின ஆட்கள்தான்" என்றேன். லுங்கி என்ற சொல்லை யாருக்கும் விளக்கவில்லை. படத்தில் பார்த்துவிட்டார்களே.

சிரிப்பு வரவில்லை. கிரெக் பலகைக்குக் கிட்டே வந்தார். பிறகு கைபேசியை எடுத்து அந்தப் படத்தை அப்படியே படம் பிடித்துக்கொண்டார்.

4

வெளியே வரும்போது, இது எங்கே கிடைத்தது என்று அவரிடம் கேட்டேன். இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் கைபேசிகளில் சுற்றுகிறதாம், இங்கே படிக்கிற தன் அக்கா பையன் அனுப்பினான் என்றார்.

அது அண்ணன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்த படம். அங்கே நின்று எடுத்திருக்கக் கூடிய ஒரே ஒரு பிள்ளைதான் இந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறது.

யாழினிக்குப் பதினாறு வயது. தொலைபேசியில் தன் பெயரை அவளே "யாலினி" என்றுதான் சொல்கிறாள். ழ வராமல் இல்லை, இங்கே அது எதற்கு என்று விட்டுவிட்டாள். வீட்டுக்குள் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். மறைக்கவில்லை.

"நான்தான் எடுத்தேன். நான்தான் போட்டேன்."

"அந்தப் பாட்டு?"

"அதுவும் நான்தான்."

மேகலா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. பெரியம்மாவின் வெங்காயத்தையும், உன் அம்மா சுமந்த வைக்கோலையும் கோமாளிக்கூத்து ஆக்கிவிட்டாயே என்கிற வகையில் நிறையச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். தமிழில் சொல் என்றேன். அது நியாயமில்லை என்று தெரிந்தே சொன்னேன்.

"அதுல பெரியம்மா கத்தறாங்க. நீங்க கத்தறீங்க. நான் மாடியில தனியா இருந்தேன்பா. கீழ வராதன்னு சொல்லிட்டீங்க. நீங்க செத்துப் போயிடுவீங்கன்னு நினைச்சேன்." கொஞ்ச நேரம் சொல் தேடினாள். "இங்க வந்தும் அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஃபன்னியா பண்ணினா அது வேற யாருக்கோ நடந்த மாதிரி ஆயிடும்ல?"

என் கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். பாதி போனது. இந்தப் பெண் அன்றைக்கு மாடியில் நின்றாள் என்பதை இத்தனை நாளில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. விரலில் மருந்து போட்டுக்கொண்டு நான் நோம்பிக்குப் போய்விட்டேன்.

"சத்தத்தோட இருக்கா?"

"இருக்கு. அழிக்கல."

"எனக்கு அனுப்பு."

"நான் போட்டத எடுத்துடட்டுமா?"

"உன் இஷ்டம். இருக்கணும்னா சத்தத்தோட இருக்கட்டும்."

சில நாள் கழித்து, பாட்டை எடுத்துவிட்டுச் சத்தத்தோடு போட்டாள். இப்ப யாருமே பாக்கறதில்ல என்று குறைபட்டாள். பார்க்காவிட்டால் போகிறார்கள் என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

5

அந்த வெங்காயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அழுகிவிட்டது.

அண்ணன் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். பயிர்ச் சேதத்துக்கு விண்ணப்பத்தில் மூன்று கட்டம்தான் இருந்ததாம். வெள்ளம், வறட்சி, பூச்சி. அவர் நல்ல மனிதர், உதவத்தான் நினைத்தார். "வெள்ளம்னு போட்டுக்கலாமுங்க. தண்ணி நின்னுதான அழுகுச்சு?"

கூடப் போயிருந்த அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. "மானம் பொழிஞ்சு எத்தன நாளாச்சு? வெள்ளம்னு எழுதிக் குடுத்தா ஊரே சிரிக்குமுங்க. நடந்தத எழுதுங்க."

"நடந்ததுக்குக் கட்டம் இல்லீங்கம்மா."

"அப்ப கட்டம் போட்டுட்டுச் சொல்லியனுப்புங்க, வாரேன்."

லாரிக்காரர்களின் காப்பீட்டுக்காரர் வந்து பார்த்தார். காட்டைக் கெடுத்தது சரக்கு இல்லை, நீங்கள் விட்ட தண்ணீர் என்றார். தீயணைப்பு நிலையத்தில், சம்மதம் கேட்டுத்தானே விட்டோம் என்றார்கள். யார் சொன்னதும் பொய்யில்லை. எல்லோரும் உண்மையைச் சொல்லி அண்ணியை வெறுங்கையோடு அனுப்பினார்கள். வெள்ளம் என்றே எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அண்ணி கேட்டுக்கொள்கிறார், எழுதித் தரவில்லை.

இங்கே எனக்கும் ஒரு கட்டம் இல்லை. ரசாயன விபத்துப் பிரிவில் அடுத்த நிலைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். அனுபவம் என்ற இடத்தில் எங்கள் ஊர் சம்பவத்தை எழுதினேன். நாட்டுக்கு வெளியே நடந்ததைச் சரிபார்க்க இயலாது, நீக்கிவிட்டு மறுபடி அனுப்பவும் என்று திருப்பி அனுப்பினார்கள். நீக்காமல் அனுப்பினேன். திரும்பி வந்தது. இந்தத் தடவை முருகேசன் சாரிடம் நிலையத்துத் தாளில் ஒரு குறிப்பு வாங்கி, அதைக் கிரெக்கிடம் காட்டினேன். நான் கேட்காமலே அவர் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அனுப்பியிருக்கிறேன். திரும்பி வந்தால் இன்னொரு தடவையும் நீக்காமல் அனுப்புவேன். நடந்ததை நடக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

6

பயிற்சிக்கு அடுத்த வாரம் மார்லீன் பட்டறைக்கு வந்தார். நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். பூட்ஸை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டேன்.

"வெல்" என்றார். இந்தத் தடவை என்னைத்தான் கூப்பிட்டார்.

கையில் ஊர் உரக் கிடங்குக்கான அவசரகாலத் திட்டம். கிடங்கில் நைட்ரேட் உரம் வைக்கிறார்கள், அதே மஞ்சள் சாய்சதுரம்தான். தீ சிறிதாகப் பிடிக்கும்போதே தண்ணீர் விட்டு அணைக்க வேண்டும், மீறினால் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்றெல்லாம் சரியாகவே எழுதியிருந்தது. அவர் ஒரு வரியில் விரல் வைத்தார். தீயணைத்த தண்ணீரைக் கிழக்கேயுள்ள பயன்பாட்டில் இல்லாத தாழ்நிலத்துக்குத் திருப்புக.

"கிழக்கே என்ன இருக்கு தெரியுமா?"

தெரியும். மார்லீனின் கனோலா.

"எத்தனையோ வருஷமா நான்தான் கேப்டன். இந்தத் திட்டத்தில் என் கையெழுத்தே இருக்கு. இந்த வரியை நூறு தடவை படிச்சிருப்பேன். என் நிலம்தான் அதுன்னு நேற்றுதான் உறைத்தது. யாரும் என்னைக் கேட்டதில்லை, வேல். நானும் கேட்டுக்கொண்டதில்லை."

இருவரும் போய் நடந்து பார்த்தோம். கிடங்கின் பின்னாலிருந்து ஒரு பள்ளம் நேராக அவருடைய நிலத்துக்கு இறங்குகிறது. அதை அடைத்தால் தண்ணீர் போகக்கூடிய ஒரே இடம் ஊர் குடிக்கிற ஏரி. அவர் பயிரின் விளிம்பில் கைகட்டிக்கொண்டு நின்றார். "அந்தம்மா எவ்வளவு நேரம் யோசிச்சாங்க?" என்றார்.

"கொஞ்ச நேரந்தான். ஆனால் யோசிச்சாங்க."

அடுத்த பயிற்சிக் கூட்டத்தில் யாழினியின் அசல் காணொளியைப் போட்டோம். கோமாளி இசை இல்லை. மோட்டார் சத்தம், டிராக்டர் சத்தம், அண்ணியின் குரல். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். என் உச்சரிப்பில்தான் சொன்னேன், திருத்திக்கொள்ளவில்லை. ஏரிக்கு ஒரு சொட்டுப் போகக் கூடாது. வெங்காயக் காட்டுக்குள் விடுங்கள். "நானே வெட்டறன்" என்ற இடத்தில் மார்லீன் நிறுத்தச் சொல்லி, மறுபடி போடச் சொன்னார்.

பிறகு ஊர்க் கவுன்சிலுக்குப் போய்ச் சண்டை போட்டார். "பயன்பாட்டில் இல்லாத" என்ற சொற்களை எடுக்க வைத்தார். அது என் நிலம், தண்ணீர் விடச் சம்மதிக்கிறேன், ஆனால் இனி யார் நிலத்தின்மேலும் கேட்காமல் திட்டம் போடக் கூடாது என்று எழுத வைத்தார். கிடங்குக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு மதகு கட்டுவதற்கும் ஒப்புக்கொண்டார்கள். படைக்கு ஜிப் வேலை செய்கிற உடைகளும் வந்திருக்கின்றன.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். உங்கள் குரல் இங்கே ஒரு கூடம் நிறையக் கேட்டது, உங்களைப் பார்த்து ஒரு விவசாயி அம்மா தன் நிலத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டார் என்றேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். பின்னால் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. அண்ணி ஏதோ வேலையில் இருந்தார்.

"அந்தம்மா சும்மாவா சரின்னுச்சு?"

"சும்மா இல்லீங்க அண்ணி. கேட்டுட்டுத்தான் விடணும்னு எழுத வெச்சிருக்காங்க."

"கேட்டா மட்டும் போதுங்களா தம்பி? எங்கிட்டயுந்தான் கேட்டாங்க." கோழிகளை விரட்டினார். "அந்த வெள்ளாமை அழுகுனா ஆரு பொறுப்புன்னு இப்பவே எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க. தீப்புடிச்ச பொறவு ஒருத்தனும் எழுதித் தர மாட்டான்."

மறுநாள் வயலிலிருந்து வீடு திரும்பிய மார்லீனிடம் அதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பூட்ஸைக் கழற்றாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு கவுன்சில் அலுவலகத்துக்குப் போனார்.